தொலையாத தோடு

1

"உங்களுக்குக் கல்யாணம் ஆனதற்கு என்ன அத்தாட்சி?" என்று சென்ற வாரம் ஒருவர் என்னைக் கேட்டார். கழுத்தில் தாலி தொங்குகிறது. ஒரு பக்கம் வீட்டுக்காரர் தூங்கி வழிகிறார். மறுபக்கம் பன்னிரண்டு வயது மகள் நகத்தைக் கடித்துக்கொண்டிருக்கிறாள். என் தலையில் முளைத்திருக்கும் நரை அத்தனைக்கும் இவர்கள் இருவர்தான் காரணம். இதற்குமேல் அத்தாட்சி கேட்டால் நான் எங்கே போவேன்?

கேட்டவர் குடியேற்ற அலுவலக அதிகாரி. இடம், ஜாம்பியா நாட்டில் என்டோலா என்னும் ஊர். ஆப்பிரிக்கா என்றாலே ஊரில் எல்லாரும் சிங்கத்தைத்தான் விசாரிக்கிறீர்கள். நான் சிங்கத்தைப் பார்த்தது மெட்ராஸ் மிருகக்காட்சி சாலையில் மட்டும்தான். இங்கே நான் பார்ப்பதெல்லாம் சமையல் எண்ணெய்க்கு ஒரு வரிசை, சோப்புக்கு ஒரு வரிசை, குடியிருக்கும் அனுமதியைப் புதுப்பிக்க இந்த அலுவலகத்தில் ஒரு வரிசை. என் வீட்டுக்காரர் ஏழுமலை இங்கே பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். எழுபதுகளில் நம்மூரிலிருந்து வாத்தியார்களாகக் கப்பலும் விமானமும் ஏறி வந்தார்களே, அந்தக் கூட்டத்தில் இவரும் ஒருவர். எண்பதுகள் முடியப்போகின்றன, இன்னும் இங்கேதான் இருக்கிறோம்.

இதற்கு முன் இருந்த அதிகாரி எங்களைப் பார்த்ததும் முத்திரை குத்தி அனுப்பிவிடுவார். இவர் புதியவர். கல்யாணப் பதிவுச் சான்றிதழ் கேட்டார். அந்தக் காலத்தில் எங்கள் பக்கம் கல்யாணத்தை யார் சார் பதிவு செய்தார்கள்? மேளம் கொட்டினால் பதிவு. என் கையில் இருந்தது ஒரு கறுப்பு வெள்ளைப் புகைப்படம். அதிலும் மாப்பிள்ளை கண்ணை மூடிக்கொண்டிருக்கிறார். அதிகாரி படத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இவருக்கு உங்கள் கல்யாணம் தெரியுமா?" என்றார். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை.

கடைசியில் எங்களைத் தனித்தனியாக விசாரிக்கப்போவதாகச் சொன்னார். முதலில் என் வீட்டுக்காரர் உள்ளே போனார், வந்தார். அடுத்தது நான். என் ஆங்கிலம் தடுக்கி விழுந்தால் தூக்கிவிடுவதற்குக் கயலும் கூட வந்தாள். கயல் எங்கள் மகள், இங்கேயே பிறந்தவள். நான் தமிழில் கேட்டால் ஆங்கிலத்தில் பதில் வரும். சிநேகிதிகளோடு பேசுவது இந்த ஊர் பெம்பா மொழி. தமிழ் புரியும், ஆனால் வாயைத் திறந்து பேச மாட்டாள். அதில் எனக்கு எவ்வளவு வருத்தம் என்று சொன்னால் அழுதுவிடுவேன், அதனால் விடுங்கள்.

"இவரைக் கல்யாணம் செய்துகொள்ள நீங்கள் எப்போது சம்மதித்தீர்கள்?" என்று அதிகாரி கேட்டார்.

"ஒரு பௌர்ணமி சாயங்காலம், ரோட்டில்" என்றேன்.

அவர் தாளைப் பார்த்தார். "உங்கள் கணவர், நீங்கள் தோட்டைத் தொலைத்த நாளில் என்கிறார்."

"தோடு தொலையவே இல்லை."

"அப்படியானால் இருவரில் ஒருவர் பொய் சொல்கிறீர்கள்."

"நான்தான் சொன்னேன். இங்கே இல்லை, திருவண்ணாமலையில். ஊரே பார்க்கச் சொன்னேன்."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். "சொல்லுங்கள்" என்றார். சொன்னேன். அங்கே தட்டுத்தடுமாறிச் சொன்னதை உங்களுக்கு இங்கே நிம்மதியாக, நம் மொழியிலேயே சொல்கிறேன்.

2

எங்கள் ஊர்க் கலைக் கல்லூரியில் நான் தமிழ் இலக்கியம் படித்தேன். வகுப்பில் பெண்கள் சொற்பம். பழைய அகப்பாட்டு நடத்தும் நாளில் மட்டும் பையன்கள் மணி அடிக்கும் முன்பே வந்து உட்கார்ந்திருப்பார்கள். பேராசிரியர் ராகம் போட்டுப் படிப்பார். பையன்கள் எங்களைப் பார்ப்பார்கள், நாங்கள் மேசையைப் பார்ப்போம்.

அந்தப் பாட்டுகளின் உலகம் உங்களுக்குத் தெரிந்ததுதான். மலைநாட்டிலிருந்து ஒருவன் வருவான், அவன் தலைவன். அவனுக்காக ஏங்கும் பெண் தலைவி. இருவருக்கும் நடுவே ஓடியாடும் ஒருத்தி தோழி. தலைவி ஏங்குவாள், இளைப்பாள், வளையல் கையில் நிற்காமல் கழன்று விழும். தன் நெஞ்சோடு பேசுவாள், கடலோடு பேசுவாள், நாரையைக்கூடக் கூப்பிட்டுப் பேசுவாள். ஆனால் அந்த மனிதனிடம் நேராகப் போய், "எனக்குச் சம்மதம், வந்து பெண் கேள்" என்று சொல்ல மட்டும் அவளுக்கு வாய் வராது. அதற்குத் தோழிதான் வேண்டும். எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் பற்றிக்கொண்டு வரும். நாரையிடம் பேசத் தெரிகிறது, நாலடி தள்ளி நிற்கும் ஆளிடம் பேசத் தெரியாதா?

அந்த வருஷம் கல்லூரியில் ஒரு பட்டிமன்றம் வைத்தார்கள். பழந்தமிழ்க் காதல் இந்தக் காலத்துக்கு ஒத்து வருமா, வராதா? தமிழ் படிக்கும் நான் 'வராது' என்ற அணியில் பேசினேன். எதிரணியில் கணக்குப் படிக்கும் மாணவர் ஒருவர், அடி அண்ணாமலைக்காரர், பெயர் ஏழுமலை. எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, நெற்றியில் விபூதி. இவர் காதலைப் பற்றி என்ன பேசிக் கிழிக்கப்போகிறார் என்று உட்கார்ந்திருந்தேன்.

"காத்திருக்கத் தெரிந்தவன்தான் தலைவன்" என்று ஆரம்பித்தார். "எங்கள் ஊரில் டவுனுக்கு வரும் பஸ்ஸுக்கே நாங்கள் அரை நாள் காத்திருக்கிறோம். மனசுக்குப் பிடித்த பெண்ணுக்காகக் காத்திருக்க மாட்டோமா?" மண்டபம் அதிர்ந்தது. நான் எழுந்து, "நீங்கள் காத்திருங்கள், வேண்டாமென்று சொல்லவில்லை. அவள் வாயைத் திறந்து பேசுவது எப்போது?" என்று கேட்டேன். அதற்கும் கைத்தட்டல். நடுவர் எதிரணிக்கே தீர்ப்புச் சொன்னார்.

வெளியே வேப்பமரத்தடியில் நான் புத்தகங்களை மார்போடு அணைத்துக்கொண்டு கோபமாக நின்றேன். ஏழுமலை வந்தார். தரையைப் பார்த்துக்கொண்டே, "நீங்கதான் ஜெயிச்சீங்க. நடுவருக்குத்தான் தெரியல" என்றார். சொல்லிவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார். அன்றைக்கே என் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

3

என் கதையில் தோழி என்றால் நூர்ஜஹான். என் வகுப்புக்காரி. தேரடித் தெருவில் அவர்கள் குடும்பத்துக்கு வளையல் கடை. ஊரில் கல்யாணமோ வளைகாப்போ, எந்த வீட்டுப் பெண்ணும் நூர்ஜஹானின் அம்மாவிடம்தான் கையை நீட்டுவாள். ஒரு வளையல்கூட உடையாமல் மாட்டிவிடும் கை அது. எங்கள் அப்பாவின் பாத்திரக்கடை அதே தெருவில், நாலு கடை தள்ளி இருந்தது.

ஏழுமலை அந்த வளையல் கடைக்கு வர ஆரம்பித்தார். தங்கச்சிக்கு வளையல் வேண்டும் என்பார். நான் கடையில் இருந்தால் சிவப்பா பச்சையா என்று அரை மணி நேரம் யோசிப்பார். நான் இல்லையென்றால் ஏதோ ஒன்றை எடுத்துக்கொண்டு போய்விடுவார். ஒருநாள் நூர்ஜஹான் என் இடுப்பில் இடித்தாள்.

"தே, வசந்தா! அவருக்குத் தங்கச்சியே இல்லடி. ரெண்டு அண்ணனுங்கதான். இவ்ளோ வளையலையும் அவனுங்களுக்கா மாட்டி உடறாரு?"

நான் வெட்கத்தில் கையைப் பின்னால் மறைத்தேன். அவள் விடவில்லை. கையை இழுத்துப் பார்த்தாள். "பாட்டுல காதலிச்சா வளையல் லூசாயி கழண்டு உழுதுன்னு படிக்கிறோம். உனுக்கு இன்னான்னா போன மாசத்துக்கு இந்த மாசம் சைசு ஜாஸ்தி ஆவுது! சந்தோஷத்துல தின்னுக்கினே கீறியா?" என்றாள். அவள் அம்மாகூடத் திரும்பிக்கொண்டு சிரித்தார்.

படிப்பு முடிந்தது. ஏழுமலை போளூர்ப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் வேலைக்குப் போனார். பிறகு ஆப்பிரிக்காவில் வாத்தியார் வேலைக்கு எழுதிப்போட்டார், கிடைத்துவிட்டது. அதே வாரத்தில் என் அப்பா, "வேலூர்ல இருந்து வெள்ளிக்கிழமை பொண்ணு பாக்க வராங்க. பையன் பேங்க்ல வேலை" என்றார். அப்பா குரலில் அவ்வளவு சந்தோஷம். எனக்குச் சோறு இறங்கவில்லை.

நூர்ஜஹான் மூலம் ஏழுமலை சொல்லி அனுப்பினார். வியாழக்கிழமை ராத்திரி அவர் பயணக் காகித வேலைக்காக மெட்ராஸ் போக வேண்டும். எனக்குச் சம்மதம் என்றால் வியாழன் காலையிலேயே அவருடைய அப்பா அம்மா எங்கள் வீட்டுக்கு வந்து பெண் கேட்பார்கள். சம்மதம் இல்லையென்றால் தொந்தரவே செய்ய மாட்டார். வெள்ளிக்கிழமை வேலூர்க்காரர்கள் தட்டில் பூ வைத்துவிட்டால் பிறகு யார் பேசியும் பிரயோஜனம் இல்லை. என்னிடமிருந்து ஒரு வார்த்தை போக வேண்டும், அது புதன்கிழமைக்குள் போக வேண்டும்.

"இவ்ளோதானே? நான் போயி சரின்னு சொல்லிட்டு வந்துடறேன்" என்று நூர்ஜஹான் செருப்பை மாட்டினாள்.

"வேணாம். நானே சொல்றேன்."

"ஏண்டி?"

"அன்னிக்கு அத்தினி பேர் முன்னாடி, அவ எப்ப வாயத் தொறப்பான்னு கேட்டுட்டு, இன்னிக்கு உன்னை அனுப்பினா அவரு என்னைப் பத்தி இன்னா நெனப்பாரு?"

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "உன் ரோஷத்துல என்னைப் பேஜார் பண்றே. சரி, எங்க வெச்சி சொல்லுவே? உங்க அப்பாரு கடையிலயா?"

புதன்கிழமை பௌர்ணமி. எங்கள் தெருப் பெண்கள் மலை சுற்றப் போவார்கள், பெரியத்தையோடு நானும் போவேன். அடி அண்ணாமலை அந்தப் பாதையில்தான் இருக்கிறது. ஆக நூர்ஜஹான் அவரிடம் போய்ச் சொன்ன சேதி இதுதான்: "மத்தியானம் கோபுரத்தாண்ட இருந்து கிளம்புறாங்க. உங்க ஊரு கோயில் வாசல்ல நில்லுங்க. அவளே வந்து சொல்லுவா."

இதில் கெட்டுப்போக என்ன இருக்கிறது என்றுதானே கேட்கிறீர்கள்?

4

மலை சுற்றியவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். மலை எப்போதும் நம் வலக்கைப் பக்கம் இருக்க வேண்டும். கிழக்கே கோபுரத்தில் புறப்பட்டால் தெற்கே செங்கம் ரோடு, பிறகு மேற்கே அடி அண்ணாமலை, வடக்கே சுற்றிக்கொண்டு திரும்பவும் கோபுரம். சின்னக் குழந்தைகூட மாற்றி நடக்காது. எதிர்த்திசையில் சுற்றுவது சாவு வீட்டில் மட்டும்தான். அப்போதெல்லாம் இப்போதுபோல் நெரிசல் கிடையாது. தெருத்தெருவாகக் கூட்டம் சேர்ந்து, பேசிக்கொண்டே நடப்போம்.

எங்கள் பெரியத்தைக்கு முட்டிவலி. வழியில் இருக்கும் ஒவ்வொரு லிங்கத்துக்கும் சூடம் ஏற்றி, கும்பிட்டு, உட்கார்ந்து, காலை நீவிவிட்டுக்கொண்டுதான் எழுந்திருப்பார். ரமணாசிரமத்துப் பக்கம் நீர்மோர் கொடுத்தார்கள், அங்கே கொஞ்ச நேரம். ஒரு வெள்ளைக்காரப் பெண் புடவை கட்டிக்கொண்டு போனாள், அவள் கொசுவத்தைப் பற்றிப் பேசக் கொஞ்ச நேரம். நான் தவித்துக்கொண்டிருந்தேன். "இன்னாடி இவ்ளோ அவசரம்? மலை எங்கியும் ஓடிடாது" என்றார் அத்தை. மலை ஓடாது அத்தை, மாப்பிள்ளை ஓடிவிடுவார் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன்.

அங்கே அடி அண்ணாமலையில் நம் கணக்கு வாத்தியார் என்ன செய்தார் தெரியுமா? தூரத்தை நேரத்தால் வகுத்துப் பார்த்திருக்கிறார். கோபுரத்திலிருந்து இத்தனை மணிக்குப் புறப்பட்டால் இங்கே இத்தனை மணிக்கு வர வேண்டும். கணக்கு சரி. ஆனால் நடக்கும் வேகத்துக்குத் தன் வேகத்தைப் போட்டுக்கொண்டார். அத்தையின் முட்டியையும் சூடத்தையும் நீர்மோரையும் வெள்ளைக்காரி கொசுவத்தையும் எந்தக் கணக்கில் சேர்ப்பார், பாவம்! அவர் போட்ட நேரத்தில் நாங்கள் வரவில்லை. கூட்டத்தில் தன்னைத் தாண்டிப் போய்விட்டோம் என்று முடிவு கட்டி, எங்களைப் பிடிக்க முன்னால் ஓட ஆரம்பித்துவிட்டார்.

நாங்கள் அடி அண்ணாமலைக் கோயில் வாசலுக்கு வந்தபோது அங்கே அவர் இல்லை. தூணுக்குப் பின்னால் பார்த்தேன், குளத்தங்கரையைப் பார்த்தேன், ஆளே இல்லை. பூக்காரம்மாவிடம் சாமந்தி வாங்குகிற சாக்கில், "இங்க வாத்தியார் யாராச்சும் நின்னுக்கினு இருந்தாங்களா?" என்று கேட்டேன்.

"நம்ம ஏழுமலையா? மத்தியானத்துல இருந்து தூணு மாரி நின்னுக்கினு இருந்துச்சி. அப்புறம் இன்னா நெனச்சிக்கிச்சோ, வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினு அப்படியே விர்ருனு பூடுச்சி" என்று வடக்கே கையைக் காட்டினார்.

எனக்கு அழுகை முட்டியது. உடனே வகுப்பில் படித்த ஒரு சங்கதி நினைவுக்கு வந்தது. இருவரும் ஓர் இடம் குறித்துக்கொள்வார்கள். தண்ணீரில் காய் விழும், அவன் வந்த சத்தம் என்று நம்பித் தலைவி ஓடி வருவாள். யாரும் இருக்க மாட்டார்கள். அவள் திரும்பிப் போன பிறகு அவன் வந்து வெறும் இடத்தைப் பார்ப்பான். இதற்கு அல்லகுறிப்படுதல் என்று பெயர். பரீட்சையில் இதைப் பற்றி நான் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறேன். அன்றைக்குத்தான் அது எவ்வளவு வயிற்றெரிச்சல் என்று புரிந்தது.

பாட்டில் வருகிறவள் இருட்டில் நின்று அழுவாள், மறுநாள் தோழியிடம் சொல்லிப் புலம்புவாள். எனக்கு மறுநாள் என்பதே இல்லை. யோசித்தேன். அவர் எனக்கு முன்னால் ஓடுகிறார். பின்னால் துரத்தினால் அத்தையோடு ஜென்மத்துக்கும் பிடிக்க முடியாது. ஆனால் ஆரம்பித்த சுற்றைப் பாதியில் விடுகிற ஆள் அவர் இல்லை. வடக்கே போய், கோபுரம் போய், தெற்கே வந்து, சொந்த ஊரில்தான் முடிப்பார். நான் வந்த வழியே திரும்பி நடந்தால் நேருக்கு நேர் வந்துதான் ஆக வேண்டும்.

திரும்பி நடப்பதா? மலையை இடக்கைப் பக்கம் விட்டுவிட்டா? மலையைப் பார்த்துக் கும்பிட்டேன். "உனுக்கும் பாதி உடம்பு பொண்ணுதானே, கோச்சிக்காதே" என்று சொன்னேன்.

"அத்தே, தோடு எங்கியோ உழுந்துடுச்சி. தேடிக்கினு வந்துடறேன், நீங்க இங்கியே காலை நீட்டி உக்காருங்க" என்று சொல்லிவிட்டு, முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துக் காதை மூடிக்கொண்டு ஓடினேன். அத்தை வாயைத் திறப்பதற்குள் வளைவைத் தாண்டிவிட்டேன்.

5

திருவண்ணாமலையே எதிரில் வந்தது. அது வரைக்கும் முதுகை மட்டுமே பார்த்துக்கொண்டு நடந்த பாதையில் இப்போது முகம் முகமாக வருகிறது. அப்பா கடையில் குடம் வாங்குகிறவர், எங்கள் தெரு டாக்டர் வீட்டு அம்மா, என்னோடு பள்ளியில் படித்தவள், அவள் மாமியார்.

"ஏம்மா திரும்பி வரே? இன்னா ஆச்சி?"

"தோடு தொலைஞ்சிடுச்சிங்க."

இங்கேதான் நான் எங்கள் ஊரைக் குறைத்து எடைபோட்டுவிட்டேன். 'ஐயோ பாவம்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள் என்று நினைத்தேன். போகவில்லை. "தங்கமா? அய்யய்யோ, கண்ணாலம் ஆவாத பொண்ணு" என்று டாக்டர் வீட்டு அம்மா என்னோடு திரும்பினார். குடம் வாங்குகிறவர் திரும்பினார். வேர்க்கடலை விற்கிறவர் கூடையோடு திரும்பினார். தடி ஊன்றி வந்த ஒரு சாமியார்கூட, "சிவ சிவா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டு, தரையைப் பார்த்தபடி எங்களோடு வந்தார். கொஞ்ச தூரத்தில் என் பின்னால் ஒரு ஊர்வலமே மலையைத் தலைகீழாகச் சுற்றிக்கொண்டிருந்தது. என்னால் எத்தனை பேருக்குப் பாவம் என்று நினைத்தால் இன்றைக்கும் சிரிப்பும் பயமும் சேர்ந்தே வருகின்றன.

அதற்குள் டவுனில் ஏழுமலை வளையல் கடைக்கு மூச்சிரைக்க ஓடி, "அவங்க வந்துட்டாங்களா?" என்று கேட்டிருக்கிறார். நூர்ஜஹான் அவரை மேலும் கீழும் பார்த்தாளாம். "அவங்க அத்தையோட உங்க ஊர்ப் பக்கமே வந்திருக்க மாட்டாங்க இன்னும். நீங்க போற வேகத்துக்கு மலைக்கே தலை சுத்தும்! ஓடுங்க" என்று விரட்டினாளாம். அவர் திரும்பி வந்த வழியே போகவில்லை. போகலாம் என்று தோன்றவும் இல்லை. வலமாகவே மறுபடியும் தெற்கே ஓடி வந்தார்.

செங்கம் ரோட்டிலிருந்து பாதை பிரியும் இடத்தில் வெளிச்சம் மங்கிக்கொண்டிருந்தது. எதிரே கிழக்கில் நிலா எழும்பியது. பாட்டுகளில் ரகசியமாகச் சந்திக்கிறவர்களுக்கு நிலாதான் பெரிய விரோதி, எல்லாவற்றையும் காட்டிக் கொடுத்துவிடும். அந்த நிலாவுக்கு முன்னால், வேட்டியை மடித்துக் கட்டி, சட்டை நனைந்து, விபூதி கரைந்து, ஏழுமலை வந்தார்.

அவர் என்னைப் பார்த்தார், பின்னால் இருந்த கூட்டத்தைப் பார்த்தார். "என்ன ஆச்சிங்க?" என்றார்.

"பாத்திரக்கடைக்காரர் பொண்ணு தோடு தொலைஞ்சிடுச்சி வாத்தியாரே" என்றார் குடம் வாங்குகிறவர்.

அந்த மனிதர் என்ன செய்தார் என்று நினைக்கிறீர்கள்? உடனே குனிந்து தேட ஆரம்பித்துவிட்டார்! "இப்படித் தேடினா கிடைக்காதுங்க. ரோட்டைப் பிரிச்சிக்கலாம். நீங்க அந்த ஓரம், சாமி நடுவுல, நான் இந்தப் பக்கம்" என்று ஊரையே வரிசையில் நிறுத்தினார். என் வாழ்க்கை ஊசலாடிக்கொண்டிருக்கிறது, இவர் மண்ணைத் துழாவுகிறார். எனக்கு வந்ததே கோபம்!

"நிமிருங்க" என்றேன்.

"இருங்க, இங்க என்னமோ மின்னுது."

"ஏங்க, நிமிருங்கன்றேன் இல்ல?"

நிமிர்ந்தார். நான் கத்திய வேகத்தில் என் முந்தானை தலையிலிருந்து நழுவியது. அதைக்கூட நான் கவனிக்கவில்லை.

"எனக்குச் சம்மதம்" என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன்போல.

வேர்க்கடலைக்காரர், "எதுக்கு?" என்றார். கூட்டத்தில் அடி அண்ணாமலைக் கிழவி ஒருத்தி இருந்தாள். நிலா வெளிச்சத்தில் என்னைக் கிட்ட வந்து உற்றுப் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு கத்தினாள்:

"யம்மா! ரெண்டு தோடும் காதுலயே கீதே!"

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. சாமியார் தடியை ஊன்றிக்கொண்டு குலுங்கினார். "தோட்டத் தேடறேன்னு மாப்பிளையத் தேடிக்கினியாடி, கள்ளி!" என்று கிழவி என் கன்னத்தைக் கிள்ளினாள். ஏழுமலை அங்கேயே நின்றார். கடைசியில், "அப்ப நாளைக்குக் காலையில அம்மாவையும் அப்பாவையும்..." என்று ஆரம்பித்தார். "அனுப்புங்க" என்றேன். எனக்கு ஆனந்தத்தில் கால் தரையில் நிற்கவில்லை.

பிறகு எல்லாரும் சேர்ந்து மலையை வலக்கைப் பக்கம் வைத்து ஒழுங்காகத் திரும்பி நடந்தோம். அவர் நாலடி முன்னால், ஊர் நடுவில், நான் பின்னால்.

ஊர் வாயில் பேச்சாக விழுவதைப் பழைய பாட்டில் அலர் என்பார்கள். தலைவி அதற்கு நடுங்குவாள். எனக்கு அது மேளம் கொட்டியது. அப்பா அன்று ராத்திரி என்னோடு பேசவில்லை. மறுநாள் ஏழுமலையின் அப்பா அம்மா வந்தபோதும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கடைக்குப் போய்விட்டார். கடையில் முதலில் வந்தவர், "பொண்ணுக்கு எப்பங்க கல்யாணம்?" என்றாராம். அடுத்தவர், "சீர் பாத்திரம்லாம் சொந்தக் கடையிலயேவா?" என்றாராம். மத்தியானம் அப்பா வீட்டுக்கு வந்தார். "இவனுங்க இவ்ளோ பேசறதுக்குக் கல்யாணத்தையே பண்ணித் தொலைச்சிடலாம்" என்று சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தார். அத்தை எனக்கு மட்டும் தெரியும்படி கண்ணடித்தார். வேலூர்க்காரர்கள் வெள்ளிக்கிழமை பஸ் ஸ்டாண்டில் இறங்கிக் காபி குடித்தார்கள். காபிக் கடையிலேயே விஷயம் தெரிந்துவிட்டது. அடுத்த பஸ்ஸில் திரும்பிப் போய்விட்டார்கள்.

6

இதையெல்லாம்தான் அதிகாரியிடம் ஆங்கிலத்தில் சொன்னேன். நடுவில் தோடு தொலைந்தது என்பதற்குப் பதில் காது தொலைந்தது என்று சொல்லிவிட்டேன். அவர் என் இரண்டு காதையும் எட்டிப் பார்த்தார். கயல் திருத்தினாள். கதை முடிந்தபோது அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். சிரித்ததில் கண்ணீர்.

"என் கிராமத்திலும் இப்படித்தான், மறுநாள் காலைக்குள் எல்லாருக்கும் தெரிந்துவிடும்" என்றார். "இப்படி ஒரு பொய்யை இரண்டு பேர் சேர்ந்து ஜோடிக்க முடியாது. சத்தியப் பத்திரம் ஒன்று எழுதிக் கொடுங்கள், போதும்." முத்திரை விழுந்தது. வெளியே பெஞ்சில் என் தலைவர் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

பஸ்ஸில் கயல் என்னை விடவில்லை. "ஒரு தோட்டைக் கழற்றி வைத்துக்கொண்டிருக்கலாமே அம்மா?" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அந்தப் புத்தி இருந்திருந்தால் நான் ஏன் இந்த மனிதரைக் கட்டிக்கொள்கிறேன்? இதை ஏன் இத்தனை நாள் சொல்லவில்லை என்றாள். நீ எப்போது கேட்டாய் என்றேன். வழியில் அவள் சிநேகிதி ஏறினாள். கயல் அவளிடம் பெம்பாவில் முழுக் கதையையும் சொன்னாள். முன் சீட்டுக்காரி திரும்பிக் கேட்டாள், பின் சீட்டுக்காரர் எட்டிக் கேட்டார். இறங்குவதற்குள் பஸ் முழுக்கச் சிரிக்கிறது. எனக்கு இரண்டாவது தடவையாக ஊர் அலர், இந்தத் தடவை புரியாத மொழியில்.

எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு கறையான் புற்று இருக்கிறது. இந்தப் பக்கம் வீட்டுக்கு வீடு அப்படி உண்டு. வந்த புதிதில், மலை இல்லாத ஊரில் என்ன செய்வது என்று அவர் பௌர்ணமி சாயங்காலங்களில் அதைச் சுற்ற ஆரம்பித்தார். அக்கம்பக்கத்தார் முதலில் பயந்தார்கள், இப்போது கையசைக்கிறார்கள். இந்த நாட்டில் ஆண்டில் முக்கால்வாசி நாள் சூரியன் வடக்கு வானத்தில் வலமிருந்து இடமாகப் போகிறது. சூரியனே அப்படிப் போகும்போது எனக்கென்ன? அவர் வலமாக நடந்தால் நான் எதிர்ப்பக்கமாக நடப்பேன். புற்றின் பின்புறத்தில் நேருக்கு நேர் வருவோம். அப்போது அவர் தவறாமல் ஒன்று கேட்பார்.

அன்றைக்குப் பௌர்ணமி இல்லை. இருந்தாலும் டீ குடித்துவிட்டு இருவரும் இறங்கினோம். அவர் அந்தப் பக்கம் போனார், நான் இந்தப் பக்கம். புற்றுக்குப் பின்னால் வந்து நின்றார். வழுக்கை, தொப்பை, அதே விபூதி.

"தோடு கிடைச்சிதா?" என்றார்.

"எங்க கிடைக்குது? நீங்கதான் ஒழுங்கா தேடவே இல்லையே" என்றேன்.

அவரும் உடனே குனிந்து, முட்டியைப் பிடித்துக்கொண்டு, புல்லைத் துழாவினார். பின்வாசல் கதவு திறந்தது. துணி எடுக்க வந்த கயல் எங்களைப் பார்த்துவிட்டுப் படியிலேயே நின்றாள். அடி அண்ணாமலைக் கிழவி சொன்னதை அலுவலகத்தில் நான் ஆங்கிலத்தில்தான் சொல்லியிருந்தேன், தமிழில் சொல்லவே இல்லை. இவள் கிட்டே வந்தாள், என் முகத்தைத் திருப்பி இந்தக் காதையும் அந்தக் காதையும் பார்த்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு கத்தினாள்:

"யப்பா, எழுந்திரு! ரெண்டும் காதுலயே கீது!"